பார்ட் 2 எங்கே போச்சு?

கே: அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனைக் கேட்டுப் பார்க்கலாமே என்று ஒரு 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பை எடுத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல பாட்டுகளுக்குப் பக்கத்தில் 'பார்ட் 1' என்று போட்டிருக்கிறார்கள், பாட்டு சூடு பிடிக்கிற நேரம் பார்த்து சத்தம் குறைந்துகொண்டே போய் முடிந்துவிடுகிறது. மீதி எங்கே?

ப: தட்டின் மறுபக்கத்தில். அந்தக் காலத்தில் ஹிட் என்றால் 45 சுற்று வேகத்தில் ஓடும் சின்ன இசைத்தட்டுதான், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல. ரேடியோக்காரர்களுக்கும் அந்த அளவுதான் தோது. ஆனால் அறுபதுகளின் நடுவிலிருந்து ஜேம்ஸ் பிரவுனின் குழு ஸ்டூடியோவில் ஆரம்பித்தால் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம், சில சமயம் ஒன்பது நிமிடம் என்று வாசித்துக்கொண்டே போகும், யாரும் நிறுத்த மாட்டார்கள். அப்புறம் அதை நடுவில் வெட்டி முதல் துண்டை ஏ பக்கத்திலும் இரண்டாவது துண்டை பி பக்கத்திலும் போட்டு விற்பார்கள். ரேடியோவில் ஓடியது பெரும்பாலும் ஏ பக்கம், அதனால் ஹிட்ஸ் தொகுப்பு போடுகிறவர்கள் அதை மட்டும் அள்ளிக்கொள்கிறார்கள். இருபது பாட்டை ஒரே குறுந்தகட்டில் அடைக்க வேண்டுமே, அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கேட்கிறவருக்கு நஷ்டம்தான்.

எவ்வளவு நஷ்டம் என்று தெரிய 'கோல்ட் ஸ்வெட்' ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-ல் சின்சினாட்டியில் அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட கிங் கம்பெனியின் ஸ்டூடியோவில் பதிவானது, முழுசாகக் கேட்டால் ஏழு நிமிடத்துக்கு மேல். பார்ட் 1-ல் பாட்டு இருக்கிறது, அலறல் இருக்கிறது, ட்ரம்பெட், சாக்ஸஃபோன் மாதிரி குழல்கள் குறுக்கே வெட்டுகிற அழகு இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் மேசியோ பார்க்கரின் சாக்ஸஃபோன் ஒரு சுற்று சுற்றி வந்த பிறகு, டிரம்மருக்கும் கொஞ்சம் இடம் விடுங்கப்பா என்று பிரவுன் குரல் கொடுக்க, குழல்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் என்ற அந்த டிரம்மர் வித்தை எதுவும் காட்டாமல், உருட்டாமல் புரட்டாமல், அதுவரை வாசித்துக்கொண்டிருந்த அதே தாளத்தைத்தான் தொடர்ந்து வாசிக்கிறார். அவ்வளவுதான். ஆனால் மேலே மூடியிருந்தது எல்லாம் விலகியதும், ஸ்னேர் டிரம்மில் அடி நாம் எதிர்பார்க்கிற இடத்துக்கு அரை எண்ணிக்கை தள்ளி விழுவது அப்போதுதான் காதில் படுகிறது, இத்தனை நேரம் நம் காலை ஆட்டிக்கொண்டிருந்தது எது என்று அப்போதுதான் பிடிபடுகிறது. இந்த இடம் பார்ட் 2-ல் வருகிறது. பார்ட் 1 மட்டும் வைத்திருப்பவருக்குக் கிடையாது.

அதனால் 'பார்ட் 1' என்று பார்த்தால் உடனே அந்தப் பாட்டின் முழு வடிவத்தைத் தேடுங்கள். 1991-ல் வந்த 'ஸ்டார் டைம்' என்ற நான்கு குறுந்தகட்டுத் தொகுப்பில் 71 பதிவுகள் இருக்கின்றன, பல பாட்டுகள் நீளமாகவே கிடைக்கும். அதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1965-ல் பெரிய ஹிட்டான 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' உண்மையில் அதைவிட மெதுவாகப் பதிவான ஏழு நிமிடப் பாட்டு. டேப்பின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி, வெட்டி, அப்புறம்தான் கடைக்கு அனுப்பினார்கள். வேகம் ஏற்றாத அந்த அசல் டேப் 'ஸ்டார் டைம்' தொகுப்பில்தான் முதன்முதலாக வெளியே வந்தது. வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே இது ஹிட்டுதான் என்று பிரவுன் கத்துவது அதில் கேட்கும். மனுஷனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கே: தொகுப்பு கேட்பவன் எல்லாம் ரசிகனா, ஆல்பம் ஆல்பமாகக் கேட்பவன்தான் ரசிகன் என்கிறான் என் நண்பன். பதில் சொல்ல முடியவில்லை.

ப: நான் சொல்லித் தருகிறேன். 1967-ல் வந்த 'கோல்ட் ஸ்வெட்' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டாயா என்று அவரிடம் கேளுங்கள். தலைப்புப் பாட்டு உலகத்தையே புரட்டிப் போடும், அப்புறம் 'மோனா லிசா', 'நேச்சர் பாய்', 'ஃபீவர்' என்று ஊரறிந்த பழைய பாட்டுகள் வரிசையாக வரும், தாளமே பாட்டாக ஓடும் அந்த ஃபங்க் துளியும் இருக்காது. அன்றைக்கு கிங் கம்பெனிக்கு ஆல்பம் என்பது ஹிட்டான ஒரு பாட்டைச் சுற்றிக் கையில் இருந்ததைப் போட்டு நிரப்பும் பொட்டலம். பிரவுன் உயிரைக் கொடுத்தது சிங்கிளுக்கு, அதாவது அந்தச் சின்ன இசைத்தட்டுக்கு. அதனால் இவர் விஷயத்தில் தொகுப்பு குறுக்கு வழி இல்லை, சரியான வழியே அதுதான்.

இரண்டு விலக்கு உண்டு. ஒன்று, 1962 அக்டோபரில் நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் நடந்த கச்சேரியின் பதிவு. ஏற்கெனவே வந்த பாட்டுகளை மேடையில் பாடிப் பதிவு செய்தால் யார் வாங்குவார்கள் என்று கிங் கம்பெனி முதலாளி சிட் நாதன் பணம் தர மறுக்க, பிரவுன் சொந்தக் காசைப் போட்டார். 1963-ல் வெளிவந்து அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை போடும் ஆல்பம் பட்டியலில் 66 வாரம் இருந்தது, இரண்டாம் இடம் வரை போனது. இரண்டு, 1973-ன் 'தி பேபேக்'. ஒரு சினிமாவுக்காகச் செய்து, அவர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய சரக்கு. திருப்பி அனுப்பியவர்களுக்கு நம் நன்றி.

கே: சோல், ஃபங்க் என்று இரண்டு பெயர் சொல்கிறார்கள். ஒரே ஆள், ஒரே குரல். எனக்கு வித்தியாசம் தெரியவில்லையே?

ப: உங்கள் தொகுப்பில் 1956-ன் 'ப்ளீஸ் ப்ளீஸ் ப்ளீஸ்' இருக்கும். அவருடைய முதல் ஹிட், அது சோல். ஒருவன் காலில் விழுந்து கெஞ்சுகிறான், பின்னால் நண்பர்கள் கூடச் சேர்ந்து கெஞ்சுகிறார்கள், தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல் என்பது தெரியும். பாட்டைக் குரல் இழுத்துப் போகிறது, வாத்தியம் பின்னால் வருகிறது. அதைக் கேட்ட கையோடு 1969-ன் 'மதர் பாப்கார்ன்' போடுங்கள், அது ஃபங்க். கிட்டார் தாளம் தட்டுகிறது, குழல்கள் தாளம் தட்டுகின்றன, பிரவுனின் அலறலும் உறுமலும்கூட அந்தந்த இடத்தில் விழும் தாளம்தான். மெட்டு என்று முணுமுணுக்க அதிகம் இருக்காது. அதுவரை இந்த வகைப் பாட்டுகளில் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் அழுத்தம் விழும், பிரவுன் அதை முதல் எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தார். அதற்கு 'தி ஒன்' என்றே பெயர் வைத்தார். நம் ஆட்கள் சுற்றி வந்து சமத்தில் ஒன்றாக இறங்குவார்களே, அந்த மாதிரி இவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒன்றில் வந்து இறங்கியாக வேண்டும். தப்பினால் மேடையிலேயே விரலைக் காட்டி அபராதம் போடுவார். ஷூ பளபளக்கவில்லை என்றாலும் அபராதம்தான்.

கே: ராப் பாட்டுகளில் அதிகம் எடுத்தாளப்பட்டது இவருடைய 'ஃபங்கி டிரம்மர்' என்கிறார்கள். என் ஹிட்ஸ் தொகுப்பில் அது இல்லவே இல்லை!

ப: ஏனென்றால் அது ஹிட் இல்லை. 1969 நவம்பரில் பதிவாகி, 1970-ல் சிங்கிளாக வந்து, சுமாராக ஓடி, அப்படியே மறந்துபோனது. பாட்டின் பிற்பகுதியில் எட்டு சுற்று ஸ்டபில்ஃபீல்ட் தனியாக வாசிக்கிறார், 1986-ல் 'இன் தி ஜங்கிள் க்ரூவ்' என்ற தொகுப்பு அந்தப் பாட்டை மறுபடி வெளியே கொண்டுவந்ததும் ஹிப்ஹாப்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், பப்ளிக் எனிமி என்ற ராப் குழு உட்பட. பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் பிரவுனின் பெயர்தான், வாசித்தவருக்கு அதில் பங்கு இல்லை. ஸ்டபில்ஃபீல்ட் 2017-ல் காலமானார். இத்தனைக்கும் பாட்டின் பெயரே அவரைப் பற்றியது!

ஹிட்ஸ் தொகுப்பு என்பது அன்றைய பட்டியலின் நகல், அவ்வளவுதான். அந்தப் பட்டியலை நம்பினால், ஜேம்ஸ் பிரவுன் அமெரிக்க பாப் பட்டியலில் ஒருமுறைகூட முதலிடம் பிடிக்காத பாடகர். 'ஐ காட் யூ' மூன்றாம் இடம் வரை போனது, அதுதான் உச்சம்.

கே: 'செக்ஸ் மெஷின்' ஒரு தொகுப்பில் ஸ்டூடியோ மாதிரி சுத்தமாக இருக்கிறது, இன்னொன்றில் கூட்டம் கத்துகிறது. எது அசல்?

ப: சுத்தமாக, ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடுவதுதான் அசல். 1970 ஏப்ரலில் பதிவானது. சம்பளத் தகராறில் பழைய குழு போய்விட, சின்சினாட்டியிலிருந்து வந்து சேர்ந்த பையன்கள் வாசித்தது, பேஸ் கிட்டார் பூட்ஸி காலின்ஸுக்கு வயது 18. கூட்டம் கத்துவது அதே வருடம் வந்த ஆல்பத்தில். அந்தப் பத்து நிமிடப் பாட்டும் ஸ்டூடியோவில் வாசித்ததுதான், கைதட்டலைப் பிறகு மேலே ஒட்டினார்கள்.

மலிவுத் தொகுப்புகளில் எண்பதுகளின் மேடைப் பதிவுகளை ஹிட்ஸ் என்று போட்டு விற்பதும் உண்டு. பதிவான வருடம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வருடமே இல்லை என்றால் தொட வேண்டாம்.

கே: நீட்டி முழக்காமல் ஒரே ஒரு தொகுப்பு சொல்லுங்கள்.

ப: 1991-ல் வந்த '20 ஆல் டைம் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. பிடித்தால் 'ஸ்டார் டைம்'. பாட்டுகளை வருட வரிசையில் அடுக்கிக் கேளுங்கள், ஷஃபிளை அணைத்துவிட்டு.