சமையற்கட்டிலிருந்து வரும் சொற்கட்டு

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. மூன்று வயதிலேயே எவர்சில்வர் குடத்தில் தாளம் தப்பாமல் தட்டுவான். ‘பிறவி ஞானம்’ என்று சொந்தத்தில் எல்லாரும் சொல்வார்கள். ஏழு வயதிலிருந்து மிருதங்கம் கற்கிறான். போன நவராத்திரிக்குக் கோயிலில் வாசித்தபோது தனி ஆவர்த்தனத்தில் கோர்வை (முடிப்புக் கணக்கு), தாளச் சுற்று தொடங்கும் இடமான சமத்துக்கு வந்து சேரவில்லை. அன்றிலிருந்து மிருதங்கத்தைத் தொடுவதில்லை. “எனக்கு ஞானமும் இல்லை, ஒண்ணும் இல்லை, விட்டுடுங்க” என்கிறான். கண் பட்டிருக்குமோ என்று சுற்றிப்போட்டும் பார்த்துவிட்டேன். மற்றபடி வீட்டில் ஒரு குறையும் இல்லை. அக்கா பதினொன்றாவது படிக்கிறாள், சமர்த்து. இவன் பாடம் மறந்து நிற்கும்போதுகூட அவள்தான் சமையற்கட்டிலிருந்தே சொற்கட்டை (மிருதங்க அடிகளை வாயால் சொல்லும் சொற்களை) சொல்லிக்கொடுப்பாள். மகனை மறுபடி வாசிக்க வைக்க என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், மயிலாடுதுறை.

பதில்: மகனுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். சமையற்கட்டிலிருந்தே சொற்கட்டைச் சொல்கிறாள். அது என்ன வேலை என்று தெரிந்துதான் எழுதினீர்களா?

சின்ன உதாரணம் ஒன்று. ஆதி தாளத்தின் ஒரு சுற்று, அதாவது ஓர் ஆவர்த்தனம், 8 அட்சரம் (எண்ணிக்கை). ஒவ்வொரு அட்சரத்தையும் 4 மாத்திரையாகப் பிரித்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. ‘ததிங்கிணதொம்’ 5 மாத்திரை. மூன்று முறை சொன்னால் 15. அது சமத்தில் போய் முடிய வேண்டுமானால் 17 மாத்திரை கழித்து எடுக்க வேண்டும். அதாவது லகு (முதல் 4 அட்சரம்) முடிந்து, முதல் திருதத்தின் (அடுத்த 2 அட்சரத்தின்) தட்டு விழுந்து, கால் அட்சரம் தள்ளி. தட்டிலேயே எடுத்துவிட்டால் ஒரு மாத்திரை முன்னாலேயே முடிந்துபோய்க் கை அந்தரத்தில் நிற்கும். பாடம் கேட்ட பிள்ளைகளே சறுக்கும் இடம் இது. உங்கள் மகள் கையில் தோசைக்கரண்டியை வைத்துக்கொண்டு, தாளம் போடக் கை இல்லாமல், தம்பி எங்கே விட்டான் என்று காதாலேயே கண்டுபிடித்து, அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொடுக்கிறாள். அவளை வகுப்புக்கு அனுப்பியதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

இப்படி வருவதற்கு சங்கீதக்காரர்களிடம் பெயர் இருக்கிறது: கேள்வி ஞானம். கணக்கு உள்ளுக்குள் தானாக ஓடினால் லய ஞானம். ஒரு தரம் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்பவர் ஏகசந்தக்கிராகி. இத்தனை சொல் இருக்க, நீங்கள் அவளுக்கு எடுத்துக் கொடுத்தது ‘சமர்த்து’. அந்தச் சொல்லும் சாமானியமானது இல்லை. சமர்த்தன் என்றால் எடுத்த காரியத்தை முடிக்க வல்லவன். நம் வீடுகளுக்குள் வந்த பிறகு, அதுவும் பெண் பிள்ளையின் தலையில் ஏறிய பிறகு, ‘தொல்லை கொடுக்காதவள்’ என்று சுருங்கிவிட்டது. சமர்த்தாக உட்காரு, சமர்த்தாகச் சாப்பிடு. உங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், தம்பி சாதகம் (பயிற்சி) பண்ணுகிற நேரத்தில் அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதுதான்.

இதே சொற்கோளாறுதான் பையனையும் கவிழ்த்திருக்கிறது. மூன்று வயதிலிருந்து அவன் காதில் விழுந்தது ‘பிறவி ஞானம்’. பிறவியிலேயே வந்தது ஒரு நாள் தப்பினால் குழந்தை என்ன நினைக்கும்? வந்தது போய்விட்டது, அல்லது எப்போதுமே இல்லை. அவன் சொன்னதும் அதையேதான். 1998-இல் அமெரிக்காவில் கிளாடியா மியூலர், கேரல் டுவெக் என்ற இருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். சில புதிர்களைப் போட்டு முடித்ததும் ஒரு பிரிவிடம் ‘நீ புத்திசாலி’ என்றார்கள், இன்னொரு பிரிவிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றார்கள். அடுத்துக் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். பிறகு பழையபடி எளிதானவற்றைக் கொடுத்தபோது, புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் முதலில் போட்டதைவிடக் குறைவாகப் போட்டார்கள். உழைப்பைச் சொல்லிக் கேட்டவர்கள் கூடுதலாகப் போட்டார்கள்.

அமெரிக்கா வரை போகாமலும் இருக்கலாம். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று ஆரம்பித்து, கடைசி அடிக்கு வருவதற்குள் நிறுத்திவிடுகிறோம். பிறவிக் குணம் என்று ஔவை சொன்னதில் நட்பும் கொடையும் உண்டு, வித்தை கிடையாது. தெரிந்ததைத் தம்பிக்கு வாரிக் கொடுக்கிற அந்தக் குணத்தைத்தான் பிறவியில் வந்தது என்று சொல்லலாம்.

பையனுக்குச் செய்ய வேண்டியது. ‘ஞானம்’ என்ற சொல்லை ஆறு மாதத்துக்கு யாரும் எடுக்கக் கூடாது, தாத்தா பாட்டி உட்பட. தப்பிய கோர்வை எது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். முதல் வாரம் வாத்தியம் வேண்டாம். வாயால் சொற்கட்டு, கையால் தாளம், தினம் 15 நிமிடம், மெட்ரோனோம் செயலியில் நிமிடத்துக்கு 50 தட்டு வைத்து. மேடையில் பெரும்பாலும் கணக்கு மறப்பதில்லை, பதற்றத்தில் காலம் (வாசிக்கும் வேகம்) ஓடுகிறது. கடைசி ‘ததிங்கிணதொம்’மை விரல் முந்திக்கொண்டு முடித்துவிடும். நிதானமாகச் சொன்னால் முந்துகிற இடம் அவனுக்கே தெரியும். இரண்டாம் வாரம் தொப்பியில் (மிருதங்கத்தின் இடப் பக்கத்தில்) ரவையைப் பிசைந்து ஒட்டி, அதே வேகத்தில் வாசிக்கட்டும். தொடர்ந்து 5 முறை சமத்தில் விழுந்தால் 4 தட்டு கூட்டலாம். ஒரு முறை தப்பினால் பழைய வேகத்துக்கு இறங்க வேண்டும். பாராட்டும்போது நடந்ததைச் சொல்லுங்கள்: “இன்னிக்குக் காலம் ஓடாம நின்னுது”, “மீட்டு சுத்தமா விழுந்தது.” கேட்டுக்கேட்டுப் புகழ்ச்சியாகவே தேய்ந்துபோன ‘கை பேசுது’ எல்லாம் கொஞ்ச நாள் வேண்டாம்.

இனி பெரியவள். வயது தாண்டிவிட்டது, பெண் பிள்ளைக்கு மிருதங்கம் எதற்கு என்று உங்கள் வீட்டில் ஒரு குரல் எழும். திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடையேறியது போன நூற்றாண்டின் முற்பகுதியில். அந்தக் குரலுக்கு அது போதும். பதினாறில் தொடங்கும் விரலுக்கு ‘தா தீ தொம் நம்’ மூன்று காலமும் படியக் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான். கணக்குப் பாடம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவளுக்கு விருப்பமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், ஆனால் கேட்காமலே விட்டது பெற்றவர்கள் செய்யக் கூடாத தவறு. இரண்டு பிள்ளைகளைப் பெற்றுவிட்டு ஒருவருக்கு வாத்தியமும் மற்றவருக்குக் கரண்டியும் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. மாலை 6 முதல் 7 வரை அவள் கூடத்தில் இருக்கட்டும். தோசை வார்க்க 13 வயதுப் பையனுக்கும் வரும். அவன் அப்பாவுக்கும் வரும். முதல் நாலு பிய்ந்துபோகும், சாப்பிடுங்கள்.

கடிதத்தில் மகன் பெயரை நான்கு இடத்தில் எழுதியிருந்தீர்கள், அச்சில் எடுத்துவிட்டோம். மகளுக்கு எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. முழுக் கடிதத்திலும் அவள் வெறும் ‘அக்கா’தான். அடுத்த முறை எழுதும்போது அவள் பெயரையும் எழுதுங்கள்.