முன்னாடி போற லாரியத் தாண்டி அடிக்கிற பிரேக் தெரியுமா?

கேள்வி: காரும் காரும் வயர்லெஸ்ல பேசிக்கும்ங்கறாங்களே, அத நிஜ ரோட்ல எப்படி டெஸ்ட் பண்ணுவாங்க? ரெண்டு கார ஓட்டிப் பாத்தா போதாதா?

பதில்: சிக்னல் போகுதான்னு மட்டும் பாக்கணும்னா ஒரு காலி மைதானமே போதுங்க. ஆனா நீங்க பாட்டுக்கு ஆபீஸ் போறப்ப அதே கருவி வச்ச இன்னொரு வண்டி தானா குறுக்க வரணும், அதுதான் நிஜ டெஸ்ட். அதுக்காகத்தான் அமெரிக்காவுல 2012 ஆகஸ்ட்ல மிச்சிகன்ல ஆன் ஆர்பர்ங்கற ஒரே ஊரப் பிடிச்சு, அங்க ஓடுற கார், பஸ், லாரின்னு கிட்டத்தட்ட 3,000 வண்டில கருவி மாட்டுனாங்க, மிச்சிகன் யுனிவர்சிட்டி நடத்துச்சு, காசு மத்திய போக்குவரத்துத் துறையோடது. நாடு பூரா பிரிச்சு மாட்டியிருந்தா ஒண்ணையொண்ணு சந்திச்சிருக்கவே சந்திச்சிருக்காது. இதுல தமாஷ் என்னன்னா, முக்காவாசி வண்டிக்கு 'நான் இங்க இருக்கேன்'னு அனுப்பிட்டே இருக்கற பொட்டி மட்டும்தான், ஓட்டுறவருக்கு ஒரு சத்தமும் கேக்காது!

கேள்வி: அப்படி என்னதான் பேசிக்கும்?

பதில்: அரட்டை எல்லாம் இல்ல. எங்க இருக்கேன், என்ன வேகம், எந்தப் பக்கம் போறேன், பிரேக் போட்டிருக்கேனா, இதையே செகண்டுக்கு 10 தடவ 5.9 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைல, சுமார் 300 மீட்டர் தூரத்துக்கு. பேரோ நம்பர் பிளேட்டோ அதுல போகாது. கேமராவுக்கும் ரேடாருக்கும் கண்ணுக்கு நேரா இருக்கறதுதான் தெரியும், இது லாரிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் சடார்னு பிரேக் போட்டாக்கூட உங்க கார்ல பீப் அடிக்கும், எனக்குப் பிடிச்சதே இதுதான்.

சிக்கல் ரேடியோல இல்ல, ஜிபிஎஸ்ல. நியூயார்க்ல டெஸ்ட் பண்ணப்ப உயரமான கட்டடங்களுக்கு நடுவுல வண்டி எந்த லேன்ல இருக்குன்னே சரியா பிடிபடல. சும்மா சும்மா பீப் அடிச்சா யாருதான் மதிப்பாங்க, சொல்லுங்க.

கேள்வி: இவ்ளோ டெஸ்ட் பண்ணியும் ஏன் எல்லா கார்லயும் வரல?

பதில்: முதல்ல வாங்குறவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையே, அவர் கார் யார்கிட்ட பேசும்? அதனால சட்டம் போட்டாத்தான் உண்டு. 2016 டிசம்பர்ல எல்லா புது கார்லயும் கட்டாயம்னு அமெரிக்க அரசு ஒரு வரைவு கொண்டு வந்துச்சு, அத இழுத்தடிச்சு 2023ல வாபஸே வாங்கிட்டாங்க. நடுவுல 2020ல இன்னொரு கூத்து, 1999ல இதுக்குன்னே ஒதுக்குன 75 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசைல 45-ஐ வைஃபைக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க, மிச்சம் 30-ம் செல்போன் டெக்னாலஜில பேசுற புது முறைக்குத்தான்னு சொல்லிட்டாங்க, ஆன் ஆர்பர்ல ஓடுனது பழைய முறை. ஐரோப்பாவுல 2019ல வந்த எட்டாவது தலைமுறை கோல்ஃப் கார்ல ஃபோக்ஸ்வாகன் தானாவே இதக் குடுத்துச்சு, எந்தச் சட்டமும் கேக்காமலே.