பெயரால் பிழைத்த காப்பியம் இல்லை

கேள்வி: டிராய்ப் போரைச் சுற்றி மட்டுமே கிரேக்கத்தில் எட்டுக் காப்பியங்கள் இருந்தனவாமே? அவற்றில் இலியட், ஒடிசி இரண்டை மட்டும் உலகம் கொண்டாடுவதற்கு ஹோமர் என்ற பெரும்பெயர்தானே காரணம்? மற்றவற்றைத் தேடிப் படிப்பதில் பயனுண்டா?

பதில்: பெயர்தான் காரணமென்றால் சைப்ரியா இன்று நம் கையில் இருந்திருக்க வேண்டும். போர் மூண்ட காரணத்தில் தொடங்கி, இலியட் ஆரம்பிக்கும் இடம்வரை கதை சொன்ன காப்பியம் அது. அதையும் ஹோமர் பாடியதாகவே பலர் நம்பினார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அதை மறுத்தார். டிராய் இளவரசன் பாரிஸ், போருக்குக் காரணமான கிரேக்க அரசி ஹெலனை அழைத்துக்கொண்டு மூன்றே நாளில் டிராய் வந்து சேர்ந்தான் என்கிறது சைப்ரியா. இலியடோ அவன் வழிதவறி அலைந்ததாகச் சொல்கிறது. ஆகவே இரண்டும் ஒருவர் பாடியவை அல்ல என்பது அவர் வாதம். கிரேக்கத்தின் தீப்ஸ் நகரப் போரைப் பாடிய தெபெய்ட் காப்பியத்தின் மீதும் ஹோமரின் பெயர் ஒட்டியிருந்தது. அந்தப் பெயர் இரண்டையும் காப்பாற்றவில்லை. சிதறிய சில வரிகளே மிச்சம்.

பள்ளிக்கூடங்களுக்கும் இதில் பங்குண்டு. எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகளில் வேறெந்தக் கிரேக்க ஆசிரியரைவிடவும் ஹோமரே அதிகம். அதிலும் இலியட்தான் முன்னிலை. பிள்ளைகள் எழுதப் படித்ததே அந்த அடிகளை வைத்துத்தான். ஆனால் ஆசிரியர்கள் ஏன் அந்த இரண்டையே எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இதற்கு அரிஸ்டாட்டில் தந்த விடையைவிடச் சிறந்ததை நான் படித்ததில்லை. மற்றவர்கள் ஒரு மனிதனையோ ஒரு காலத்தையோ எடுத்துக்கொண்டு நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார்கள். ஹோமர் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார் என்கிறார் அவர். பத்தாண்டுப் போரில் இலியட் பாடுவது சுமார் ஐம்பது நாட்களை. கிரேக்கரின் தலைசிறந்த வீரன் அக்கிலீஸின் சாவு அதில் இல்லை. மரக்குதிரை இல்லை. டிராய் வீழ்வதுகூட இல்லை. அக்கிலீஸுக்குக் கோபம் வந்தது, அதனால் யார் யார் மாண்டார்கள், அது எப்படித் தணிந்தது, அவ்வளவுதான். அக்கிலீஸ் கொன்ற தன் மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு, டிராயின் முதிய மன்னர் பிரியாம் இரவில் அந்தப் பகைவனின் குடிலுக்குப் போகிறார். தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளை முத்தமிடுகிறார். அக்கிலீஸுக்குத் தன் தந்தையின் நினைவு வருகிறது. இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். பிறகு சேர்ந்து உண்கிறார்கள். இந்தக் காட்சியின் கதையை நான் இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். காட்சியை உங்களுக்குத் தர என்னால் முடியாது. அதற்கு அந்த 24ஆம் காண்டத்தைத்தான் படிக்க வேண்டும்.

மற்ற ஆறும் இங்கேதான் தோற்றன. அவற்றின் சாரம் கதையில் இருந்தது; கதையைப் பிறர் எடுத்துக்கொண்டு போய்விட முடியும். இலியடிலிருந்து ஒன்றிரண்டு நாடகங்களே பிறக்கும், சிறிய இலியட் என்ற காப்பியத்திலிருந்து எட்டுக்கும் மேல் பிறந்தன என்று அரிஸ்டாட்டிலே கணக்குச் சொல்கிறார். நாடகாசிரியர்கள் சோஃபோக்ளிஸும் யூரிப்பிடீஸும் அந்தக் கதைகளை மேடைக்குக் கொண்டுவந்த பிறகு மூலத்தைப் பிரதியெடுக்க யாருக்கு ஆர்வம் இருந்திருக்கும்? மரக்குதிரையை உலகமே அறியும். அதைப் பாடிய காப்பியம் போய்விட்டது.

கடைசிக் காப்பியமான டெலிகோனியைப் பாருங்கள். ஒடிசியின் நாயகன் ஒடிசியஸுக்கும் மாயக்காரி சிர்சிக்கும் பிறந்த மகன், யாரென்று தெரியாமல் தந்தையைக் கொல்கிறான். பிறகு அவன் ஒடிசியஸின் மனைவி பெனலோப்பை மணக்கிறான். அவள் மகன் டெலிமாக்கஸ் சிர்சியை மணக்கிறான். இருபதாண்டு காத்திருந்தவளுக்கு இப்படியொரு முடிவா! எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. தொலைந்த இந்தக் காப்பியங்களின் கதையைப் பிற்காலத்தில் புரோக்ளஸ் என்பவர் சுருக்கி எழுதியதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அரிஸ்டாட்டில் இந்தக் காப்பியங்களை நம்மைப்போலச் சுருக்கத்தில் அறிந்தவர் அல்லர். அவருக்கு அடுத்த நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவின் கவிஞர் கலிமாக்கஸ், இவ்வகைத் தொடர்காப்பியங்களை வெறுப்பதாகவே எழுதினார்.

அழியாமல் கிடைத்தால் மட்டும் புகழ் வந்துவிடுமா? எகிப்தின் பனோபொலிஸ் ஊரைச் சேர்ந்த கவிஞர் நோன்னஸ் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் பாடிய டயோனிசியாக்கா முழுமையாக இருக்கிறது. இலியட், ஒடிசி இரண்டின் காண்டங்களையும் கூட்டினால் வரும் 48 காண்டங்கள், 20,000க்கும் மேற்பட்ட அடிகள். அதன் பெரும்பகுதி மதுவின் தெய்வமான டயோனிசஸ் இந்தியா மீது தொடுத்த போர். எதிரி டெரியாடிஸ் என்னும் இந்திய மன்னன். களங்களில் ஒன்று இன்றைய ஜீலம் நதி. நம் நாட்டைப் பற்றிய காப்பியம்! நம்மில் எத்தனை பேர் அதன் பெயரையாவது கேட்டிருக்கிறோம்? வருணனைக்கு மேல் வருணனை வந்து விழுகிறது. யாருக்காகக் கவலைப்படுவது என்றே தெரியவில்லை.

தேடிப் படிக்க வேண்டியது ஆர்கோநாட்டிக்கா. தங்க ஆட்டுத்தோலைத் தேடிக் கப்பலேறிய ஜேசனின் கதை; கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அப்போலோனியஸ் பாடியது, நான்கே காண்டங்கள். கப்பற்பயணப் பகுதி சில இடங்களில் ஊர்ப்பெயர்ப் பட்டியலாகிவிடுகிறது. அதைத் தயங்காமல் தாண்டுங்கள். மூன்றாம் காண்டத்தில் ஜேசன் மீது காதல்கொண்ட மெடியா, தந்தைக்குத் துரோகம் செய்வதா, உயிரை விடுவதா என்று ஓர் இரவு முழுக்கத் தவிக்கிறாள். நஞ்சுப் பேழையை மடியில் வைத்துத் திறக்கப்போகும் நேரத்தில் சாவின் அச்சமும் வாழ்வின் இனிமையும் அவளைத் தடுக்கின்றன. ரோமக் கவிஞர் வர்ஜிலின் ஈனிட் காப்பியத்தில் காதலால் உயிர்விடும் அரசி டைடோ இந்தப் பெண்ணுக்குக் கடன்பட்டவள். தொலைந்த ஆறு காப்பியங்களுக்குப் புரோக்ளஸின் சுருக்கம் போதும், சில பக்கங்கள்தான். இலியடை முடித்த மறுநாள் அதைப் படியுங்கள், முதல் நாள் வேண்டாம்.