இருமுறை எரிந்த நூலகம்

கேள்வி: பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக நூலகம் இரண்டு உலகப் போர்களிலும் எரிந்தது என்று படித்தேன். பின்னர் அப்பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தபோது நூல்களை எவ்வாறு பங்கிட்டனர்? இன்று அங்கே மாணவர்கள் படிக்கிறார்களா, அல்லது அது வெறும் நினைவுச்சின்னமா?
(கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் படித்தது உண்மையே. 1914 ஆகஸ்ட் 25 அன்று இரவு, ஊரைக் கைப்பற்றியிருந்த ஜெர்மானியப் படையினர் வைத்த தீயில், ஏறத்தாழ 3 லட்சம் நூல்களும் இடைக்காலக் கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. அழிந்தவற்றுக்கு ஈடான எண்ணிக்கையிலும் மதிப்பிலும் ஜெர்மனி நூல்களைத் தர வேண்டும் என்று, முதல் உலகப் போரை முடித்துவைத்த வெர்சாய் உடன்படிக்கையின் 247-ஆம் பிரிவு விதித்தது. நாடுகளின் எல்லைகளை வரைந்த ஓர் உடன்படிக்கை, ஒரு பல்கலைக்கழக நூலகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதிலிருந்தே அந்த இழப்பு உலகை எவ்வளவு உலுக்கியது என்பதை உணரலாம்.

அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் பல திரட்டித் தந்த நன்கொடையில், விட்னி வாரன் வடிவமைத்த புதிய கட்டடம் 1928-இல் திறக்கப்பட்டது. கொடுத்தவர்களின் பெயர்களை அதன் கற்களில் இன்றும் படிக்கலாம். ‘ஜெர்மானிய வெறியால் அழிந்தது, அமெரிக்கக் கொடையால் மீண்டது’ என்ற பொருளுடைய லத்தீன் வாசகத்தை முகப்பில் பொறிக்க வாரன் விரும்பினார். பல்கலைக்கழகத் தலைவர் லடெஸ் இணங்கவில்லை. படிக்க வரும் இளைஞர்களின் தலைக்கு மேல் பகையை எழுதிவைக்காதது மிகச் சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆயினும், 1940 மே மாதம் அக்கட்டடமும் எரிந்து, ஏறத்தாழ 9 லட்சம் நூல்கள் அழிந்தன. போருக்குப் பின் அதே வரைபடத்தின்படி மீண்டும் கட்டினர்.

1968-இல் டச்சு மொழியினருக்கும் பிரெஞ்சு மொழியினருக்கும் இடையே முற்றிய பூசலால் பல்கலைக்கழகம் பிரிந்தது. பிரெஞ்சுப் பிரிவு, தனக்கென உருவாக்கிய லூவன்-லா-நூவ் நகருக்குப் பெயர்ந்தது. நூல்களில் பெரும்பகுதியை, அடுக்கு எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பிரித்தனர். எண்ணிக்கையில் அது நியாயமான பங்கீடுதான். ஆனால், ஒரே பொருள் பற்றி அடுத்தடுத்து நின்ற இரு நூல்கள் வெவ்வேறு ஊர்களுக்குச் சென்றுவிட்டால், தேடி வரும் ஆராய்ச்சியாளர் என்ன செய்வார்? பல தலைமுறை நூலகர்கள் ஒன்றோடொன்று பொருத்திச் சேர்த்த தொகுப்பைத் தனித்தனிப் பிரதிகளாக எண்ணியதே அந்த முறையின் பிழை.

லூவனில் உள்ள அக்கட்டடம் இன்றும் உயிருள்ள நூலகமே. முதல் உலகப் போரில் இறந்த அமெரிக்கப் பொறியாளர்களின் நினைவாக மணிகள் தொங்கும் அதன் கோபுரத்தில் ஏறப் பயணிகள் வருகிறார்கள். தேர்வு நெருங்கும் வாரங்களில் வாசிப்புக் கூடத்தை மாணவர்கள் நிரப்பிவிடுகிறார்கள். எதிரே உள்ள சதுக்கத்துக்கு லடெஸின் பெயரையே இட்டிருக்கிறார்கள்.