நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆராதனையை விளையாட்டாக எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் ஞாயிறு பள்ளியில் பொடிசுகள் வகுப்பு என் பொறுப்பு. நான் சொதப்பிய கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆராதனையில் எப்போது எழும்ப வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று பழக்குவதற்காக ஒரு விளையாட்டு வைத்தேன். மாற்றிச் செய்தால் அவுட். ஒரு பெண்பிள்ளை முதல் சுற்றிலேயே அவுட்டாகி, சுவரோரம் உட்கார்ந்து பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு பாவ அறிக்கைக்கு எல்லோரும் முழங்கால் போட, இவள் மட்டும் அசையவில்லை. "தப்பாப் போட்டா அவுட் ஆயிருவேம்மா" என்றாளாம். அன்றோடு அவுட்டும் இல்லை, ஜெயித்தால் மிட்டாயும் இல்லை.

இப்போது என் கைவசம் இருப்பதில் முதலாவது, சமாதானம் கொடுக்கும் விளையாட்டு. நம் திருவிருந்து ஆராதனையில் இது ஏற்கெனவே இருக்கிறது. 1947-இல் பல சபைகள் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனபின் 1950-இல் வந்த வழிபாட்டு முறையில், கேரளத்து சிரியன் சபைகளின் வழக்கத்திலிருந்து இதை எடுத்துச் சேர்த்தார்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் வலது உள்ளங்கைகளைச் சேர்த்து, இடது கையால் மற்றவர் கையை மூடிக்கொள்வார்கள். பெரியவர்கள் பலர் அவசரத்தில் ஒரு கும்பிடோடு முடித்துவிடுகிறார்கள், அது வேறு விஷயம்.

பிள்ளைகளை வட்டமாக உட்கார வைப்பேன். துண்டு போர்த்திய ஒருவர் 'ஐயர்', அதாவது சபைப் போதகர். அவர் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி, கையை மூடிக் கொடுக்க வேண்டும். அது சுற்றி வந்து மறுபடி ஐயரிடமே சேர வேண்டும். இவ்வளவுதான். ஒருநாள் பாதியில் நின்றுபோனது. காலையில் கிரேயானுக்கு அடித்துக்கொண்ட இரண்டு பையன்கள் பக்கத்துப் பக்கத்தில். ஒருவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை. மற்றதெல்லாம் சேர்ந்து "குடுல! குடுல!" என்று கத்த, ஒரு வழியாகக் கொடுத்தான், கொஞ்சம் நசுக்கித்தான். காணிக்கைக்கு முன் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனத்தை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி வகுப்புகளில் நடத்திய அமைதி விளையாட்டு. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு எடுத்தாரே, அவர்தான். பிள்ளைகள் கண்ணை மூடிச் சத்தமில்லாமல் இருக்க, பின்னாலிருந்து ஒவ்வொருவர் பெயரையும் ரகசியமாகக் கூப்பிடுவேன். கேட்டவர் பூனைபோல் நடந்து வர வேண்டும். ராத்திரியில் கடவுள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சிறுவன் சாமுவேலின் கதை சொன்ன அன்றைக்கே ஆடினால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஜெபத்துக்கு முன் "உஷ்" போட்டு மிரட்டும் வேலை எனக்கு மிச்சம்.

மூன்றாவது, தையல்கடை வெட்டுத்துணி. பீடத்தில் விரிக்கும் துணி, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களுக்கு ஊதா, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, மற்றபடி பெரும்பாலும் பச்சை. கோயிலுக்குள் ஓடிப்போய் பீடத்துத் துணியைப் பார்த்துவிட்டு வந்து அதே நிறத்தை எடுக்க வேண்டும். இதில் ஒரு தொல்லை உண்டு, சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாணத்துக்கு ஊதாப் பட்டு கட்டிப்போனேன். பந்தி நடுவில் ஒரு வாண்டு, "டீச்சர், நீங்க இன்னும் லெந்தா?"