நூலகப் பக்கம்: கவுன்ட்டரில் கேட்பதைத் திரையில் காட்டுங்கள்

(சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் கோஹா என்ற நூலக நிர்வாக மென்பொருள் போட்டிருக்கிறார்கள். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வீடியோ தயார் செய்யும்படி முதல்வர் கேட்டிருக்கிறார். கணினித் திரையைப் பதிவு செய்து, இருபது நிமிடத்தில் எல்லா வசதிகளையும் காட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா மேடம்?
– உதவி நூலகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இருபது நிமிடம் வேண்டாம். எல்லா வசதிகளையும் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள். மாணவருக்கு வேண்டியது அன்றைக்கு ஒரு புத்தகம். மறுநாள் அசைன்மென்ட் கொடுக்க வேண்டும், மதிய இடைவேளை முடியப்போகிறது, கையில் போனை வைத்துக்கொண்டு பார்க்கிறார். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்தெடுத்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. வீடியோ எடுக்க உட்காரும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

பதிவைத் தொடங்குவதற்கு முன் கவுன்ட்டரில் ஒரு நோட்டுப் போட்டு வையுங்கள். மாணவர் கேட்பதை அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். "மேடம், பேர் அடிச்சா ஒண்ணுமே வரல." "இருக்குன்னு காட்டுது, ரேக்ல இல்ல." "ரின்யூ பண்ண நேர்லதான் வரணுமா?" ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ, இரண்டு மூன்று நிமிடத்துக்குள். அந்தக் கேள்வியையே தலைப்பாகவும் வைத்துவிடுங்கள். 'ஓபேக் பயன்பாடு: ஓர் அறிமுகம்' என்று தலைப்பு வைத்தால், ஓபேக் (கணினியில் தேடும் நூலகப் புத்தகப் பட்டியல்) என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை அதைத் திறக்கவே திறக்காது.

பேர் அடித்தால் வரவில்லை என்பதையே எடுத்துக்கொள்வோம். மாணவர் 'உ.வே.சா.' என்று அடிப்பார். கேட்லாகில் 'சாமிநாதையர், உ. வே.' என்று ஏறியிருக்கும். வேறொருவர் ஏற்றிய பதிவில் 'சுவாமிநாத ஐயர்' என்று இருக்கும். போதாததற்குப் புள்ளியும் இடைவெளியும் ஆளுக்கொரு விதம். தேடலில் எதுவும் வராததும், நம் நூலகத்தில் அவர் புத்தகமே இல்லை என்று அந்தப் பெண் திரும்பிப் போய்விடுவாள். நான்கு அடி தூரத்தில் அலமாரி நிறைய அவர் பதிப்புகள் இருக்கும். என் பணிக்காலத்தில் இதைப் பார்த்துப் பார்த்து மனம் ஆறவே இல்லை. ஆகவே வீடியோவில் அந்த வெறும் திரையைக் கட்டாயம் காட்டுங்கள். 'இப்படி வந்தால் புத்தகம் இல்லை என்று அர்த்தம் இல்லை' என்று சொல்லுங்கள். பிறகு முதலெழுத்துகளை விட்டுவிட்டு, பெயரின் வேறு வேறு எழுத்துக்கூட்டலைப் போட்டுப் பாருங்கள். அதிலும் வராவிட்டால், தலைப்பில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஒரு சொல்லைப் போட்டுத் தேடிக் காட்டுங்கள். எல்லாம் முதல் தடவையே சரியாக வரும் வீடியோக்கள் பார்க்க அழகாக இருக்கும். மாட்டிக்கொண்டவருக்கு அவற்றால் பயன் இல்லை.

'ரேக்ல இல்ல' என்ற இரண்டாவது கேள்விக்குத் திரை மட்டும் போதாது. தமிழ் நாவலுக்கு டூயி எண் (புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க உதவும் எண்) 894.8113. தெலுங்கு இலக்கியம் 894.827. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 'எட்டாயிரத்து நூற்றுப் பதின்மூன்று', 'எண்ணூற்று இருபத்தேழு' என்று படிக்கிற மாணவர், தமிழ் நாவலைத் தெலுங்குக்கு அந்தப் பக்கம் போய்த் தேடுகிறார். தசம எண் என்பதால் 811-இல் தொடங்குவது எப்போதும் 827-க்கு முன்னால்தான் வரும். திரையில் அந்த எண்ணை நிறுத்திக் காட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு அடுக்குக்கே போய், புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பதிவு செய்து இணையுங்கள். புத்தகம் கைக்கு வரும்வரை வீடியோ போக வேண்டும்.

கேள்வி: கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். வருகிற பெரியவர்களுக்கு இணையத்தில் பழைய நூல்களைப் படிக்கச் சொல்லித்தர ஆசை. நல்ல கேமரா, மைக் எதுவும் இல்லை. செலவில்லாமல் முடியுமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: தாராளமாக முடியும். விண்டோஸ் 11 என்றால் அதிலேயே இருக்கும் ஸ்னிப்பிங் டூல் திரையைப் பதிவு செய்யும். எந்தக் கணினியாக இருந்தாலும் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற பதிவு மென்பொருள் இலவசம். அதில் எம்கேவி என்ற வீடியோ வடிவத்தில் பதிவு செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிவானது தப்பிக்கும். முடிந்த பிறகு அதிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் பெரியவர்கள் பார்க்கப்போவது போனில் என்றால், பதிவையும் போனிலேயே செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் ஸ்கிரீன் ரெக்கார்ட் வசதி உள்ளேயே இருக்கிறது. மேலிருந்து இழுத்தால் வரும் பட்டன்களில் தேடுங்கள். தொடும் இடத்தைத் திரையில் காட்டும் விருப்பத்தையும் போட்டுவிட்டால் விரல் படுகிற இடத்தில் ஒரு வட்டம் தெரியும். கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தொடங்கலாம். ஒரு பழைய நூலைத் தேடி, திறந்து, பக்கம் புரட்டி, எழுத்தைப் பெரிதாக்குவது வரை போதும். எழுத்தைப் பெரிதாக்குவதை அவசரப்படாமல் இரண்டு முறை காட்டுங்கள். வயதானவர்களுக்கு அதுதான் கதவைத் திறந்துவிடும்.

படத்தைவிட ஒலிதான் முக்கியம். படம் கொஞ்சம் மங்கினாலும் பொறுத்துக்கொள்வார்கள், குரல் புரியாவிட்டால் மூடிவிடுவார்கள். நம் ஊரில் மின்விசிறியும் ஆட்டோ ஹாரனும் இல்லாத நேரம் அதிகாலைதான். விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, போனோடு வந்த இயர்போன் மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பேசுங்கள். சொல்ல வேண்டியதை முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பதிவுக்கு முன் போனை 'தொந்தரவு செய்யாதே' நிலையில் போடுங்கள். வங்கி ஓடிபி, குடும்ப வாட்ஸ்அப் செய்தி எல்லாம் மேலே வந்து விழும். நூலகக் கணினியில் எடுத்தால் உண்மையான உறுப்பினரின் கணக்கைத் திறக்கவே திறக்காதீர்கள். ஒருவர் என்ன புத்தகம் எடுத்தார் என்பது அவர் சொந்த விஷயம். பயிற்சிக்கென்று ஒரு பொய்க் கணக்கு உருவாக்கித் தரச் சொல்லி நூலகரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பார்வை கிடையாது. கணினியில் என்விடிஏ (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்து நன்றாகப் படிப்பாள். ஒரு நூலகம் போட்டிருந்த வீடியோவை ஆசையாகக் கேட்டாள். "இங்க கிளிக் பண்ணுங்க, அப்புறம் இதுல போங்க" என்றே முழுக்கச் சொல்கிறார்கள். நடுவில் வெறும் இசை. அழுதுவிட்டாள், அம்மா.
– ஒரு தாய், பூந்தமல்லி

பதில்: உங்கள் மகளின் கண்ணீருக்கு எங்கள் துறையில் இருக்கும் எல்லோரும் பொறுப்பு. இதைப் படிக்கிற நூலகர்களுக்குச் சொல்கிறேன்: 'இங்க', 'அங்க', 'இது' என்ற சொற்களை உங்கள் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். பட்டனின் பெயரைத் திரையில் உள்ளபடியே சொல்லுங்கள். 'மேலே தேடல் பெட்டி, அதற்கு அடுத்து சர்ச் பட்டன், அமுக்கினால் முடிவுகளின் பட்டியல் வரும்' என்று நடப்பதையும் சொல்லுங்கள். என்விடிஏ பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் மவுஸைத் தொடுவதில்லை. டேப், என்டர் விசைகளால் எப்படிப் போவது என்றும் ஒரு வரி சேருங்கள். வெளியிடுவதற்கு முன் திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு, அதன்படி உங்களால் புத்தகத்தைத் தேடி எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். காது கேளாதவர்களுக்கு வசன வரி சேர்ப்பதும் கடினம் இல்லை. எழுதி வைத்த தாள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறதே.

அம்மா, அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது. மகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். அந்த வீடியோவைப் போட்ட நூலகத்துக்கும், எந்த நிமிடத்தில் என்ன புரியவில்லை என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். பயன்படுத்துபவரிடமிருந்து வரும் கடிதத்தை எந்த நல்ல நூலகரும் ஒதுக்க மாட்டார்.

கேள்வி: பாடுபட்டு எடுத்த வீடியோ, மென்பொருளைப் புதுப்பித்ததும் பழசாகிவிட்டது. பட்டன்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. மறுபடியும் எடுக்க வேண்டுமா?
– பள்ளி நூலக ஆசிரியர், தாம்பரம்

பதில்: பட்டன் நகர்ந்தது மட்டும் என்றால் விளக்கக் குறிப்பில் ஒரு வரி எழுதினால் போதும். வழியே மாறியிருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். யூடியூபில் அதே இணைப்பில் புதிய வீடியோவை மாற்றி வைக்க முடியாது. அதனால் சுவரொட்டியிலும் கியூஆர் குறியீட்டிலும் வீடியோவின் இணைப்பைக் கொடுக்காதீர்கள். உங்கள் பள்ளி நூலகத்துக்கென ஓர் இணையப் பக்கம் வைத்து அதன் இணைப்பைக் கொடுங்கள். உள்ளே வீடியோவை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பழையதைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். எழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருந்தால் மாறிய வரிகளைத் திருத்தி, அடுத்த பதிவை ஒரே காலையில் முடித்துவிடலாம்.