ஆயில் பேன் பாதியில் நிற்கிறது: சப்ஃபிரேமை முழுதாகக் கழற்ற வேண்டுமா?

ஆயில் ஒழுகுவதால் ஆயில் பேனை (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறக்கி, அதன் கேஸ்கெட்டை (இடுக்கில் ஒழுகாமல் அடைக்கும் பட்டை) மாற்றப் பார்க்கிறீர்கள். அதற்காக சப்ஃபிரேமை (எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்கும் அடிச்சட்டம்) முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. எம்54 எஞ்சின் உள்ள உங்கள் பிஎம்டபிள்யூ இ46 பின்சக்கர இயக்க வண்டி என்பதால், முன் சப்ஃபிரேமை நான்கைந்து அங்குலம் கீழே இறக்கினாலே பேனை எடுத்துவிடலாம்.

போல்ட்டுகளை எல்லாம் கழற்றியும் பேன் இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை என்கிறீர்கள்; அது பெரும்பாலும் சப்ஃபிரேமின் குறுக்குச் சட்டத்தில் தட்டி நிற்கிறது. தயவுசெய்து நெம்பாதீர்கள். அலுமினிய விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் புதிய கேஸ்கெட் ஒழுகக்கூடும்.

1. எஞ்சின் மவுண்ட்டுகள் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள்) சப்ஃபிரேமின் மீதே அமர்ந்திருப்பதால், மேலிருந்து சப்போர்ட் பாரில் (எஞ்சினைத் தொங்கவிட்டுப் பிடிக்கும் குறுக்குக் கம்பி) எஞ்சினைத் தாங்கிய பிறகே மவுண்ட் நட்டுகளைத் தொடுங்கள்.

2. ஸ்டீயரிங் இணைப்பில் பெயிண்டால் கோடிட்டுப் பிரியுங்கள். பிரித்தபின் ஸ்டீயரிங் சுழன்றால் ஏர்பேக்கின் சுருள் கேபிள் அறுந்துவிடக்கூடும். ஸ்டீயரிங் சக்கரத்தைக் கட்டி வையுங்கள்.

இறக்குவதற்கு முன், ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கின் அடிப்பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஈரம் பளபளத்தால், ஒழுகல் அந்த ஹவுசிங்கின் கேஸ்கெட்டிலிருந்து பேன் வரை வழிந்ததாகவே இருக்கக்கூடும்.

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டுகள் கட்டாயம். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.